ஹார்பின் ஐஸ் திருவிழாவுக்கு எந்த வாரம் போவது நல்லது?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணவர், 10 வயது மகள், 68 வயது அம்மா ஆகியோருடன் சீனாவின் ஹார்பின் நகரத்து ஐஸ் திருவிழாவைப் பார்க்கப் போக நினைக்கிறீர்கள். கையில் நான்கு இரவுகள் இருக்கின்றன. டிசம்பர் கடைசி வாரம் விடுமுறைக்கு ஒத்துவருகிறது. ஜனவரியில் போனால் குளிரை அம்மா தாங்குவாரா என்று பயம். பிப்ரவரி கடைசியில் குளிர் குறையும், ஆனால் அதுவரை சிற்பங்கள் நிற்குமா என்று சந்தேகம். இந்த மூன்றில் எது?

ஜனவரி 6-க்கும் 16-க்கும் நடுவில் போங்கள். பெரிய ஐஸ் பூங்காவைப் பார்க்கும் நாள் செவ்வாய், புதன், வியாழன் இவற்றில் ஒன்றாக அமையட்டும். மகளுக்குப் பள்ளியில் சில நாள் விடுப்புக் கேட்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை. அம்மாவை மனதில் வைத்துப் பார்த்தாலும் எனக்கு இதே வாரம்தான் சரி என்று படுகிறது. ஆண்டுக்கு ஆண்டு இந்த நல்ல இடைவெளி கொஞ்சம் நகரும், சில ஆண்டுகளில் சுருங்கியும் போகும். அதனால் காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். பயணம் தள்ளிப்போனாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நிறையப் பேர் குழம்புவது திறப்பு நாளில்தான். 'திருவிழா ஜனவரி 5-ல் தொடங்குகிறது' என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது அதிகாரபூர்வத் தொடக்க விழாவின் தேதி. 1985-ல் முதல் திருவிழா அந்த நாளில் தொடங்கியதிலிருந்து அப்படியே தொடர்கிறது. ஆனால் ஹார்பினில் திருவிழா ஒரே மைதானத்தில் நடப்பதில்லை. ஊர் வழியே ஓடும் சோங்ஹுவா ஆற்றின் தென்கரையில் இருக்கும் ஜாவ்லின் பூங்காவில்தான் 1963-ல் ஐஸ் விளக்குக் கண்காட்சி தொடங்கியது; இந்த மரபின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆற்றின் வடகரையில் சூரியத் தீவு. 1988 முதல் அங்கே பனிச் சிற்பக் கண்காட்சி நடக்கிறது. புகைப்படங்களில் நாம் பார்க்கும் வண்ண வெளிச்சக் கோட்டைகளும் கோபுரங்களும் அதே வடகரையில் இருக்கும் 'ஐஸ் - பனி உலகம்' என்ற பெரிய பூங்காவில் இருப்பவை. அது 1999-ல், புத்தாயிரத்தை வரவேற்கும் சமயத்தில் உருவானது. இவற்றோடு, உறைந்த ஆற்றின் மேலேயே சறுக்கு, சவாரி என்று தனியாக ஒரு கொண்டாட்டம். ஒவ்வொன்றும் தயாராகும் நாள் வேறு, மூடும் நாள் வேறு.

இதற்குக் காரணம் ஆறுதான். கட்டுவதற்கான ஐஸ் சோங்ஹுவா ஆற்றிலிருந்தே வருகிறது. நவம்பர் கடைசியில் ஆறு உறையத் தொடங்கும். டிசம்பர் முதல் பகுதியில் ஆள் நின்று வேலை செய்யும் அளவுக்கு ஐஸ் தடித்ததும், அறுத்துப் பெரிய பெரிய பாளங்களாக வெளியே இழுப்பார்கள். பாளத்தின் மேல் பாளம் வைத்து இடையில் தண்ணீர் ஊற்றினால் போதும். அந்தக் குளிரில் தண்ணீரே காரையாகிவிடும். உள்ளே விளக்குகளைப் பதித்துவிட்டு மேலே அடுத்த வரிசை. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் இப்படி இரண்டு மூன்று வாரங்களில் ஒரு நகரத்தையே எழுப்பிவிடுகிறார்கள். அண்மைக் காலமாக முந்தைய குளிர்காலத்து ஐஸைப் போர்த்தி மூடிப் பாதுகாத்து வைத்து, ஆறு உறையும்வரை காத்திராமல் வேலையைத் தொடங்குகிறார்கள். அதனால்தான் பெரிய பூங்கா இப்போதெல்லாம் டிசம்பர் நடுவிலேயே திறந்துவிடுகிறது. 2023-ல் டிசம்பர் 18, 2024-ல் டிசம்பர் 21.

அப்படியானால் டிசம்பர் கடைசி வாரம் போனால் என்ன என்று கேட்பீர்கள். பெரிய பூங்கா மட்டும் போதும் என்றால் போகலாம். ஆனால் ஹார்பின் அதோடு முடிந்துவிடுவதில்லை. உலகின் பல நாட்டுச் சிற்பிகள் வந்து கலந்துகொள்ளும் ஐஸ், பனிச் சிற்பப் போட்டிகள் ஜனவரி முதல் பாதியில்தான் நடக்கும். டிசம்பரில் போகிறவர்களுக்கு அந்தச் சிற்பங்கள் கிடைக்காது. சூரியத் தீவிலும் சில இடங்களில் செதுக்காத பனிக் கனசதுரங்களே நிற்கும். ஜனவரி முதல் பாதியில் போனால் இன்னொரு அதிர்ஷ்டமும் வாய்க்கலாம். சிற்பிகள் ஏணி மேல் நின்று செதுக்கிக்கொண்டிருப்பதையே பார்க்கலாம். என்னைக் கேட்டால் முடிந்த சிற்பத்தைவிட அதுதான் பெரிய காட்சி. மைனஸ் 20 டிகிரியில் ஒருவர் மணிக்கணக்காக ஒரு குதிரையின் பிடரி மயிரைக் கீறிக் கீறி எடுப்பதை உங்கள் மகள் பார்த்தால், வீடு திரும்பிய பிறகும் அதைப் பற்றியே பேசுவாள்.

டிசம்பர் கடைசியை நான் தவிர்க்கச் சொல்வதற்கு இதைவிட முக்கியமான காரணம் கூட்டம். ஜனவரி 1-ஐ ஒட்டி சீனாவில் புத்தாண்டு விடுமுறை வருகிறது. 2024-ல் அந்த மூன்று நாளில் மட்டும் ஹார்பினுக்கு 30 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள் என்று நகர நிர்வாகம் கணக்குச் சொன்னது. வருமானம் 591 கோடி யுவான். அதற்கு இரண்டு வாரம் முன்னால், 2023 டிசம்பர் 18-ல் பெரிய பூங்கா திறந்த அன்றே, 521 மீட்டர் நீள ஐஸ் சறுக்குமரத்துக்கு வரிசை நகராமல் நின்றது. ஆத்திரமடைந்த மக்கள் 'பணத்தைத் திருப்பிக் கொடு' என்று சேர்ந்து கத்தினார்கள். நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது, பணமும் திரும்பியது. அதன் பிறகு ஊரே வந்தவர்களைத் தாங்கு தாங்கென்று தாங்கியது. தெற்கிலிருந்து வந்த பயணிகளை 'தெற்கத்திச் சின்ன உருளைக்கிழங்குகள்' என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். அந்த உபசரிப்பின் புகழே அடுத்தடுத்த ஆண்டுகளில் இன்னும் அதிகக் கூட்டத்தைக் கொண்டுவந்தது. 2023-24-ல் பெரிய பூங்காவைப் பார்த்தவர்கள் 27 லட்சம். அடுத்த பருவத்தில் 35 லட்சத்தைத் தாண்டியது. ஆகவே 'கூட்டமில்லாத ஹார்பின்' என்று இனி ஒன்று கிடையாது. கூட்டம் குறைந்த நாள் என்று மட்டுமே தேட முடியும்.

அதைத் தேடச் சீனப் புத்தாண்டு, அதாவது வசந்த விழா, எந்த நாளில் வருகிறது என்று முதலில் பாருங்கள். எனக்கு இதுதான் முக்கியமான கணக்கு. அது சந்திர நாட்காட்டிப்படி வருவதால் ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் நடுவில் அலைந்துகொண்டே இருக்கும். அந்த விடுமுறையின்போது விடுதி வாடகை ஏறும், நல்ல உணவகங்களில் சில மூடியிருக்கும், பூங்காவில் மூச்சு முட்டும். அதுமட்டுமா, புத்தாண்டுக்கு 15 நாள் முன்னாலிருந்தே சொந்த ஊர் திரும்புகிறவர்களின் பயணக் காலம் தொடங்கி 40 நாள் நீள்கிறது. அந்தச் சமயத்தில் பெய்ஜிங்கிலிருந்து ஹார்பினுக்கு ரயில் டிக்கெட் எடுப்பது பெரும்பாடு. பள்ளிகளின் குளிர்கால விடுமுறையும் ஜனவரி நடுவில் தொடங்கி வசந்த விழா முடியும்வரை போகிறது.

இப்போது ஜனவரி 1 விடுமுறை ஒரு பக்கம், பள்ளி விடுமுறையும் ஊர் திரும்பும் கூட்டமும் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் இடையே மிஞ்சுவதுதான் நான் சொல்லும் வாரம். 2027-ல் வசந்த விழா பிப்ரவரி 6. அப்படியென்றால் ஜனவரி 6 முதல் 16, கொஞ்சம் இழுத்தால் 20 வரை தாராளம். 2028-ல் ஜனவரி 26-லேயே வந்துவிடுகிறது. அந்த ஆண்டு பயணக் கூட்டம் ஜனவரி 11 வாக்கிலேயே தொடங்கிவிடும், ஆகவே 6-ஐ ஒட்டிப் போய் 11-க்குள் திரும்பிவிட வேண்டும். 2029-ல் பிப்ரவரி 13. அந்த ஆண்டு ஜனவரி மூன்றாம் வாரம்கூடச் சரியாக இருக்கும். ஜனவரி 5 தொடக்க விழாவை நேரில் பார்க்கும் ஆசை இருந்தால் பாருங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அன்று பாதுகாப்புக் கெடுபிடி, போக்குவரத்து மாற்றம் எல்லாம் இருக்கும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் மறுநாள் இறங்குவது மேல்.

சரி, குளிர். உங்கள் பயம் முழுக்க அதில்தான் இருக்கிறது, எனக்குப் புரிகிறது. ஜனவரியில் ஹார்பினின் பகல் வெப்பநிலை சராசரியாக மைனஸ் 12 டிகிரியை ஒட்டியும், இரவில் மைனஸ் 23-ஐ ஒட்டியும் இருக்கும். மோசமான இரவுகளில் மைனஸ் 30-ஐத் தொடும். டிசம்பர் கடைசியில் இதைவிட இரண்டு மூன்று டிகிரி தான் குறைவான குளிர். அந்த வித்தியாசத்தை உடம்பு கண்டுபிடிக்காது. மைனஸ் 18-க்குத் தயாரான ஆடை மைனஸ் 23-க்கும் போதும். உடம்பு கண்டுபிடிப்பது காற்றை. நான் ஒரு ஜனவரி நடுவில் மைனஸ் 26-ல் காற்றே இல்லாத இரவில் இரண்டு மணி நேரம் நடந்திருக்கிறேன். மூக்கினுள் முடி விறைத்ததைத் தவிரத் தொல்லை இல்லை. இன்னொரு முறை பிப்ரவரியில், வெறும் மைனஸ் 13-ல், ஆற்றின் மேல் காற்று வீசிக்கொண்டிருந்தபோது 20 நிமிடத்தில் முகம் மரத்துப் போய் ஓடி வந்துவிட்டேன். பெரிய பூங்காவும் சூரியத் தீவும் ஆற்றங்கரைத் திறந்தவெளியில் இருக்கின்றன, காற்றுக்கு அங்கே தடையே கிடையாது. அதனால்தான் நான்கு இரவுகளில் ஏதாவது ஒரு நாளைப் பெரிய பூங்காவுக்கு ஒதுக்குங்கள், ஆனால் எந்த நாள் என்பதை அங்கே போய், வானிலை முன்னறிவிப்பில் காற்றின் வேகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஜனவரியின் இன்னொரு அனுகூலத்தை யாரும் சொல்வதில்லை: சீக்கிரம் இருட்டிவிடும். சீனா முழுவதும் ஒரே கடிகாரம், ஹார்பினோ கிழக்குக் கோடியில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் மாலை 4 மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது; ஜனவரி 10 வாக்கில் 4 மணி சுமாருக்கு. ஐஸ் கோட்டைகளை இரண்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெயிலில் அவை நீலம் கலந்த கண்ணாடி மாதிரி. விளக்கேற்றிய பின் வேறோர் ஊர். ஜனவரியில் பிற்பகல் 2:30-க்கு உள்ளே போனால் பகல் வெளிச்சத்தில் ஒரு சுற்று, சூரியன் மறையும்போது ஒரு தேநீர், 4:30-க்கு விளக்கு வெளிச்சத்தில் இன்னொரு சுற்று. 6 மணிக்கு அம்மாவை விடுதிக்குக் கூட்டிவந்துவிடலாம். உண்மையான கடுங்குளிர் இறங்குவது அதற்குப் பிறகுதான். பிப்ரவரி கடைசியில் சூரியன் மறைய 5 மணி தாண்டிவிடும். நன்றாக இருட்டும்வரை காத்திருந்து விளக்கைப் பார்த்துத் திரும்பும்போது இரவுக் குளிரில்தான் நடக்க வேண்டும். 'குளிர் குறைந்த மாதம்' என்று தேர்ந்தெடுத்துவிட்டு, அந்த நாளின் குளிர்ந்த மணி நேரத்தில் போய் நிற்பதாகிவிடும்.

பிப்ரவரியைப் பற்றி நியாயமாகவும் சொல்ல வேண்டும். வசந்த விழா விடுமுறை முடிந்த அடுத்த வாரத்தில் கூட்டம் சட்டென்று வடியும், வாடகை இறங்கும், பகல் நீண்டிருக்கும். ஆனால் அப்போது நீங்கள் சூதாடுகிறீர்கள். பூங்கா எந்த நாளில் மூடும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல மாட்டார்கள், வெயில்தான் தீர்மானிக்கும். 2024-ல் பிப்ரவரி நடுவிலேயே மூடிவிட்டார்கள். 2025-ல் பிப்ரவரி 26 வரை இருந்தது. வித்தியாசம் சுமார் பத்து நாள். டிக்கெட்டும் விடுதியும் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அது ரொம்பப் பெரிய வித்தியாசம். மூடுவதற்கு முன்னாலேயே உருகி ஆபத்தாகிவிட்ட கோபுரங்களைச் சுற்றித் தடுப்புக் கட்டுவார்கள், சறுக்குமரத்தை நிறுத்துவார்கள்.

உருகாவிட்டாலும் ஐஸ் மூப்படையும். இதை நேரில் பார்த்தால்தான் தெரியும். பூஜ்யத்துக்குக் கீழேயே இருந்தாலும், வறண்ட காற்றிலும் வெயிலிலும் ஐஸ் தண்ணீராகாமலே ஆவியாகிக்கொண்டிருக்கும். கூர்மையான விளிம்புகள் மழுங்கும், தென்திசை பார்த்த சுவர்கள் மங்கும். பனிச் சிற்பங்களின் மேல் தூசியும் புகைக்கரியும் படிந்து சாம்பல் நிறமாகும். ஜனவரி ஹார்பினில் புதுப்பனி விழுந்து அதை மூடிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது, ஏனென்றால் அந்த ஊருக்கு ஜனவரிதான் வறண்ட மாதங்களில் ஒன்று; மாதம் முழுவதும் சேர்த்துச் சில மில்லிமீட்டர்தான் விழும். சூரியத் தீவின் பிரம்மாண்டச் சிற்பங்களுக்கான பனியையே இயந்திரத்தால்தான் செய்கிறார்கள். 'தெருவெல்லாம் வெள்ளையாக, மரமெல்லாம் பனியாக' என்று உங்கள் மகள் கற்பனை செய்திருந்தால், அதை ஹார்பின் நகரத்துக்குள் தேடாதீர்கள். அதற்கு மலைப்பக்கம் இருக்கும் பனிக் கிராமத்துக்குப் போக வேண்டும். சாலையில் பல மணி நேரப் பயணம். அம்மாவோடு நான்கு இரவுகளில் அதையும் சேர்க்காதீர்கள்.

ஜப்பானின் சப்போரோ பனித் திருவிழாவோடு ஒப்பிட்டு நிறையப் பேர் கேட்கிறார்கள். அது பிப்ரவரி முதல் பாதியில் ஏறக்குறைய ஒரு வாரம் மட்டுமே நடக்கும். தேதியைத் தேர்ந்தெடுக்கும் பிரச்சினையே அங்கே இல்லை. ஹார்பின் இரண்டு மாதம் நீள்வதால்தான் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்காக இன்னும் சில விஷயங்கள். ஹார்பினில் அக்டோபர் 20 முதல் ஏப்ரல் 20 வரை ஊர் முழுவதும் மையச் சூடேற்றம் ஓடுகிறது. விடுதி, கடை, உணவகம் எல்லாவற்றிலும் உள்ளே 20 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆகவே ஒரே கனத்த ஆடையைவிட, சட்டென்று கழற்றிப் போடக்கூடிய மூன்று அடுக்குகள் நல்லது: உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, மேலே தொடைவரை வரும், பறவைத் தூவி அடைத்த டவுன் ஜாக்கெட். உள்ளே வியர்த்துவிட்டு அப்படியே வெளியே வந்தால்தான் உடம்பு கெடும். எல்லாவற்றையும்விடக் காலணிக்குச் செலவு செய்யுங்கள். தடித்த அடியும் உள்ளே கம்பளியும் உள்ள பூட்ஸ், வழக்கத்தைவிட ஒரு அளவு பெரியதாக, இரண்டு காலுறை போட இடம் இருக்கும்படி. ஹார்பினின் முக்கியக் கடைவீதியான மத்தியத் தெருவில் 1924-ல் பதித்த கருங்கற்கள் நூறு ஆண்டு கால் பட்டு வழவழப்பாகிவிட்டன. குளிரைவிட அந்தக் கல்லில் வழுக்குவதுதான் அம்மாவுக்கு ஆபத்து. இதய நோயோ மூச்சிரைப்போ இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் கூட்டிப் போக வேண்டாம். குளிர்ந்த வறண்ட காற்றை வேகமாக இழுப்பது அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. வாயையும் மூக்கையும் மூடும் துணி கட்டாயம்.

கைபேசியை உள்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். வெளியே எடுத்தால் 50 சதவீதம் இருந்த பேட்டரிகூடப் பத்து நிமிடத்தில் அணைந்துவிடக்கூடும். அதில்தான் உங்கள் நுழைவுச்சீட்டும் பணமும் இருக்கும் என்பதால் இது சின்ன விஷயம் கிடையாது.

தங்குவதற்கு மத்தியத் தெருப் பக்கம் பாருங்கள். புனித சோபியா தேவாலயம், ஜாவ்லின் பூங்கா, ஆற்றங்கரை எல்லாம் நடக்கும் தூரம். மெட்ரோ 2-ஆம் வழித்தடம் ஆற்றைக் கடந்து சூரியத் தீவுக்கும் பெரிய பூங்காவுக்கும் போகிறது. இரவில் டாக்சிக்குக் காத்து நிற்கும் வேலை இல்லை. பெரிய பூங்காவின் டிக்கெட் அண்மைப் பருவங்களில் 328 யுவான். பாஸ்போர்ட் எண்ணோடு, நாள் குறிப்பிட்டு முன்பதிவு செய்ய வேண்டும். காற்றைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன் அல்லவா? வாரநாட்களில், நான் சொன்ன இடைவெளியில், ஒரு நாள் முன்னால் பார்த்தாலும் பெரும்பாலும் கிடைக்கும். புத்தாண்டிலும் வசந்த விழாவிலும் அந்தச் சுதந்திரம் இருக்காது. உள்ளே போனதும் சறுக்குமரம்தான் வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால், கணவரும் அவளும் நேரே அந்த வரிசைக்குப் போகட்டும். நீங்களும் அம்மாவும் மெதுவாகச் சுற்றுங்கள். எல்லோரும் சேர்ந்து வரிசையில் நின்றால் அம்மாவின் தெம்பு அங்கேயே தீர்ந்துவிடும். ஒவ்வொரு 40 நிமிடத்துக்கும் ஒருமுறை சூடான அறைக்குள் நுழைந்து பத்து நிமிடம் உட்காருங்கள்.

நாட்களை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வந்த அன்று மத்தியத் தெரு மட்டும். குளிருக்கு உடம்பு பழகட்டும். மைனஸ் 20-ல் ஐஸ்கிரீம் வாங்கி நடந்துகொண்டே சாப்பிடுவது அந்தத் தெருவின் பழைய வழக்கம், மகளுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். நடு இரண்டு நாளில் காற்றுக் குறைந்த நாள் பெரிய பூங்கா, மற்ற நாள் காலையில் சூரியத் தீவு. பனிச் சிற்பங்களில் நிழல் சாய்வாக விழும்போதுதான் செதுக்கல் தெரியும், ஆகவே 10 மணி வெயிலில் போங்கள். கடைசி மாலை ஜாவ்லின் பூங்காவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சின்ன இடம், கூட்டம் குறைவு, விடுதிக்குப் பக்கம். அம்மாவுக்குச் சோர்வாக இருந்தால் பாதியில் திரும்பிவிடலாம்.